மூன்று பதிப்பு விண்டோஸ் சேர்வர், ஒரே லைசன்ஸ் சேர்வர்: ரிமோட் டெஸ்க்டொப் லைசன்ஸை எப்படி ஒழுங்குபடுத்துவது?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாசிக்கும் மற்றவர்களுக்கும் நிலைமை விளங்க வேண்டும்.

திருகோணமலை நகரத்தில் தலைமை அலுவலகம், உப்புவெளியிலும் நிலாவெளியிலும் ஒவ்வொரு ஹோட்டல். பழைய கணக்கு மென்பொருள் விண்டோஸ் சேர்வர் 2012 ஆர்2 இல் ஓடுகிறது, அதை இப்போதைக்கு அசைக்க முடியாது. ஸ்டோர்ஸ் வேலை 2016 சேர்வரில். ஹோட்டல் முன்பதிவுக்கு இப்போது புதிதாக 2022 சேர்வர் ஒன்று வந்திருக்கிறது. மூன்றிலும் ஆட்கள் ரிமோட் டெஸ்க்டொப் வழியாக, அதாவது தங்கள் கணினியிலிருந்து சேர்வருக்குள் நுழைந்து, வேலை செய்கிறார்கள். அதற்கான லைசன்ஸ்களை வைத்துக் கொடுக்கும் லைசன்ஸ் சேர்வர் அந்த 2016 இயந்திரத்திலேயே இருக்கிறது. அதில் 2012 டிவைஸ் லைசன்ஸ் (கணினிக்கு ஒன்று) 15, 2016 யூசர் லைசன்ஸ் (ஆளுக்கு ஒன்று) 20. புதிதாக வாங்கிய 2022 டிவைஸ் லைசன்ஸ் 10ஐ அதில் ஏற்றப்போனால் ஏற்க மறுக்கிறது. ஆனால் 2022 சேர்வரில் எல்லோரும் தடையில்லாமல் வேலை செய்கிறார்கள். விற்றவரோ பழையதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் புதிதாக வாங்கச் சொல்கிறார். எல்லாம் வாங்கத்தான் வேண்டுமா, மூன்றையும் ஒரே இடத்தில் வைக்க முடியாதா என்பது உங்கள் கேள்வி.

எல்லாவற்றையும் திரும்ப வாங்கத் தேவையில்லை. மூன்றையும் ஒரே இடத்தில் வைக்கலாம். ஆனால் அந்த இடம் இப்போதுள்ள 2016 இயந்திரமாக இருக்க முடியாது.

இதில் மூன்று பதிப்புகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்: ஆட்கள் உள்ளே போய் வேலை செய்கிற செஷன் ஹோஸ்டின் பதிப்பு, லைசன்ஸ் சேர்வரின் பதிப்பு, வாங்கிய லைசன்ஸின் பதிப்பு. பலர் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் தேவையில்லாமல் காசு போகிறது. ஒரு லைசன்ஸ் சேர்வர் தன் பதிப்பு லைசன்ஸையும் அதற்கு முந்தைய பதிப்புகளின் லைசன்ஸ்களையும் வைத்திருக்கும், தன்னைவிடப் புதியதை வைத்திருக்காது. 2016 சேர்வர் உங்கள் 2022 லைசன்ஸை மறுத்தது இதனால்தான். பழுது ஒன்றும் இல்லை, கீயும் பிழையில்லை. லைசன்ஸுக்கும் செஷன் ஹோஸ்டுக்கும் உள்ள உறவும் இதே போக்குத்தான்: புதிய லைசன்ஸ் பழைய சேர்வருக்குச் செல்லும், பழைய லைசன்ஸ் புதிய சேர்வருக்குச் செல்லாது. 2012 ஆர்2 க்கு என்று தனி லைசன்ஸ் பதிப்பு கிடையாது, 2012 லைசன்ஸே அதற்கும் போதும்.

ஆகவே கலப்புப் பதிப்பு உள்ள எந்த இடத்திலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். அலுவலகத்திலேயே மிகப் புதிய விண்டோஸ் எதில் இருக்கிறதோ, லைசன்ஸ் சேர்வர் அந்தப் பதிப்பில் இருக்க வேண்டும். செஷன் ஹோஸ்ட்கள் பழையவையாக இருந்தால் இருக்கட்டும். 2022 லைசன்ஸ் சேர்வரிடம் 2012 ஆர்2 உம் கேட்கலாம், 2016 உம் கேட்கலாம்.

அதற்காக புதிய செஷன் ஹோஸ்டிலேயே லைசன்ஸ் சேவையையும் ஏற்றிவிடாதீர்கள். ஆட்கள் நுழைந்து வேலை செய்யும் சேர்வர்தான் அடிக்கடி குழம்புவதும், திரும்ப நிறுவப்படுவதும். நீங்கள் வாங்கியது 2022 ஸ்டாண்டர்ட் பதிப்பு என்றால், இயந்திரத்தின் எல்லாப் புரொசசர் கோர்களுக்கும் லைசன்ஸ் எடுத்திருக்கும்பட்சத்தில், அதே இயந்திரத்தில் இரண்டு மெய்நிகர் சேர்வர்கள் (ஒரு இயந்திரத்துக்குள் மென்பொருளால் உருவாக்கும் சேர்வர்கள்) ஓட்ட உரிமை இருக்கிறது. ஒன்று செஷன் ஹோஸ்ட், மற்றது லைசன்ஸ் சேர்வர். லைசன்ஸ் சேவை மிக இலேசானது, சின்ன மெய்நிகர் சேர்வர் தாராளமாகப் போதும். அதற்கும் வசதியில்லை என்றால், அலுவலகத்துக் கணினிகளையும் பயனர் கணக்குகளையும் ஒரே குழுவாக (டொமெயின்) நிர்வகிக்கும் டொமெயின் கொன்ட்ரோலரில் லைசன்ஸ் சேவையை வைக்கலாம். சின்ன அலுவலகத்தில் அது ஒரு குறையில்லை. செஷன் ஹோஸ்டை மட்டும் டொமெயின் கொன்ட்ரோலரில் வைக்கவே வேண்டாம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பாதுகாப்பு. லைசன்ஸ் சேவை என்றால் மூலையில் சும்மா கிடக்கும் ஒன்று என்று நினைத்துப் பழைய இயந்திரத்தில் விட்டுவிடுகிறார்கள். 2024 ஜூலையில் மைக்ரோசொப்ட் திருத்திய சிவிஇ-2024-38077 என்ற எண்ணுள்ள பாதுகாப்பு ஓட்டை இந்தச் சேவையிலேயேதான் இருந்தது. கடவுச்சொல் எதுவும் இல்லாமல், வலையமைப்பு வழியாக வந்து சேர்வரையே கைப்பற்றக்கூடிய வகை. அதன் கடுமை மதிப்பு 10க்கு 9.8. 2012 ஆர்2 க்கான வழமையான ஆதரவு 2023 ஒக்டோபர் 10 உடன் முடிந்துவிட்டது. காசு கட்டி நீட்டிப்பு எடுக்காதவர்களுக்குத் திருத்தம் வராது. உங்கள் 2012 ஆர்2 இல் முன்பொரு காலத்தில் யாராவது லைசன்ஸ் சேவையை நிறுவிவிட்டு மறந்திருக்கலாம். இன்றைக்கே பாருங்கள். இருந்தால், அதில் லைசன்ஸ் எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு அகற்றிவிடுங்கள். 2016 இலும் மாற்றம் முடிந்த பிறகு அந்தச் சேவை இருக்கக் கூடாது.

இப்போது, லைசன்ஸ் ஏறாமலே 2022 இல் எல்லோரும் எப்படி வேலை செய்கிறார்கள்? புதிய செஷன் ஹோஸ்ட் ஒவ்வொன்றுக்கும் 120 நாள் சலுகைக் காலம் உண்டு. அந்த நாட்களில் லைசன்ஸ் இருக்கிறதா என்று அது யாரையும் தடுக்காது. அதனாலேயே இந்தக் காலம் ஆபத்தானது. எல்லாம் சரியாக அமைந்திருக்கிறது என்று நம்பவைத்துவிட்டு, ஒரு நாள் காலையில் முன்பதிவு மேசையில் இருப்பவருக்குக் கதவை மூடிவிடும். அட்மினாக உள்ளே போகும்போது திரையின் மூலையில் இன்னும் எத்தனை நாள் என்ற அறிவிப்பு வரும். அந்தத் திகதியைக் குறித்து வையுங்கள், வேலைத் திட்டம் முழுவதும் அதை வைத்துத்தான். காலம் முடிந்துவிட்டால் சேர்வரின் நிகழ்வுப் பதிவில் (ஈவென்ட் லொக்) 1128 என்ற எண் தெரியும். அப்போதும் நிர்வாக வேலைக்கான இரண்டு இணைப்புகள் லைசன்ஸ் இல்லாமலே திறக்கும், ஆகவே நீங்கள் வெளியே மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். அந்த இரண்டும் நிர்வாகத்துக்கு மட்டுமே. அவற்றைப் பங்கு போட்டுக் கணக்கு வேலை செய்வது லைசன்ஸ் மீறல். விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் ஒன்றை அழித்தால் திரும்ப 120 நாள் கிடைக்கும் என்று யாராவது சொல்லித்தருவார்கள். லைசன்ஸ் வாங்காமல் ஓட்டுவதற்கு அதைப் பயன்படுத்துவது களவுதான், கம்பனியின் பெயரில் அதைச் செய்யாதீர்கள்.

டிவைஸா யூசரா என்பதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பிழைகள் அதிகம் நடப்பது அங்கேதான்.

ஹோட்டல் முன்மேசைக்கு நீங்கள் டிவைஸ் வகை எடுத்தது மிகச் சரி. ஒரே கணினியில் மூன்று ஷிப்டில் மூன்று பேர் இருப்பார்கள், சீசனுக்கு வரும் பிள்ளைகள் சீசன் முடியப் போய்விடுவார்கள். ஆள் மாறினாலும் கணினி அதேதான். அலுவலகத்தில் கணக்காளர் மேசைக் கணினியிலும், வீட்டு மடிக்கணினியிலும், சில வேளை கைபேசியிலும் உள்ளே வருவார். அவருக்கு யூசர் வகைதான் பொருந்தும். லைசன்ஸ் சேர்வர் இரண்டு வகையையும் சேர்த்து வைத்திருக்கும், அதில் பிரச்சினையில்லை. ஆனால் ஒரு செஷன் ஹோஸ்ட் ஒரு நேரத்தில் ஒரு வகையில்தான் இயங்கும். 2022 ஹோஸ்டை டிவைஸ் முறையில் வைத்தால், கணக்காளர் வீட்டிலிருந்து அதற்குள் வரும் ஒவ்வொரு கருவியும் அந்தப் பத்தில் ஒன்றை எடுத்துக்கொள்ளும். ஆகவே 2022 க்குள் முன்மேசைக் கணினிகள் மட்டும் வரட்டும் என்று கண்டிப்பாக வையுங்கள். அல்லது எல்லோரும் அதற்குள் வரத்தான் வேண்டும் என்றால் இப்போதே யூசர் முறையைப் பற்றி யோசியுங்கள்.

டிவைஸ் லைசன்ஸ் எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கணினி முதல் தடவை வரும்போது தற்காலிக லைசன்ஸ்தான் கிடைக்கும். இரண்டாவது தடவை வரும்போது, இருப்பில் இருந்தால், நிரந்தர லைசன்ஸ் கிடைக்கும். அது 52 முதல் 89 நாள் வரை ஏதோ ஒரு காலத்துக்குச் செல்லும். முடிய ஏழு நாள் இருக்கும்போதிலிருந்து, கணினி மீண்டும் வந்தால் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். வராவிட்டால் காலம் முடிந்ததும் இருப்புக்குத் திரும்பிவிடும். அதாவது யாரோ ஒருவர் விருந்தினராக வந்து தன் மடிக்கணினியிலிருந்து இரண்டு தடவை உள்ளே போய்ப் பார்த்தால், உங்கள் பத்தில் ஒன்று கிட்டத்தட்ட இரண்டு மூன்று மாதம் முடங்கிக் கிடக்கும். கையால் திரும்பப் பெற வழியுண்டு, ஆனால் ஒரு பதிப்பில் உள்ள மொத்தத்தில் 20 சதவீதத்துக்கு மேல் ஒரே நேரத்தில் பெற முடியாது. பத்து வைத்திருக்கும் உங்களுக்கு அது இரண்டு.

உங்கள் முன்மேசைகளில் தின் கிளையன்ட் (சேர்வருக்குள் நுழைவதற்கு மட்டுமான சிறு கருவி) இருந்தால் இன்னொன்று. மறுதொடக்கம் செய்யும்போது எல்லாவற்றையும் பழைய நிலைக்கு மாற்றும் வகையாக இருந்தால், பெற்ற லைசன்ஸும் அழிந்துபோய், ஒவ்வொரு முறையும் புதிய கருவிபோல வந்து நிற்கும். கரண்ட் போய் வரும் இடத்தில் இது சீக்கிரமே இருப்பைக் காலியாக்கும். லைசன்ஸ் சேமிக்கப்படும் பகுதியை அந்த அழிப்பிலிருந்து விலக்கிவிட வேண்டும்.

யூசர் வகையில் கணக்கு வேறு மாதிரி. அது டொமெயினின் பயனர் பட்டியலான அக்டிவ் டிரெக்டரியில் ஆளின் கணக்கில் பதியப்படும். 20 வாங்கிவிட்டு 30 பேர் வந்தாலும் சேர்வர் பொதுவாகத் தடுக்காது. தடுக்காது என்பதற்காக அது உரிமையாகிவிடாது. மிச்சம் 10 பேருக்கும் வாங்க வேண்டியது உங்கள் கடமை. லைசன்ஸ் சேர்வரை நிர்வகிக்கும் கருவியான லைசன்சிங் மனேஜரில் யூசர் பயன்பாட்டு அறிக்கை எடுக்கலாம், மாதம் ஒரு தடவை எடுத்துக் கோப்பில் போடுங்கள். அந்த அறிக்கை சரியாக வர, லைசன்ஸ் சேர்வர் டொமெயினில் உள்ள டெர்மினல் சேர்வர் லைசன்ஸ் சேர்வர்ஸ் என்ற குழுவில் உறுப்பினராக இருக்க வேண்டும். புதிய லைசன்ஸ் சேர்வரை அமைப்பவர்கள் அதிகம் விட்டுவிடும் படி இது. விட்டால் நிகழ்வுப் பதிவில் 4105 வந்துகொண்டே இருக்கும்.

யூசர் லைசன்ஸை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றலாம், ஆனால் சாதாரணமாக 90 நாளுக்கு ஒரு தடவைதான். சீசன் ஊழியர்களுக்கு யூசர் வகை எடுக்க நினைத்தால் இதை மனதில் வையுங்கள்.

டொமெயின் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. 2022 சேர்வர் டொமெயினில் சேராமல் வெறும் வேர்க்குரூப்பில் (மையக் கட்டுப்பாடில்லாத தனிக் கணினிகளின் கூட்டம்) நின்றால் யூசர் முறை அதில் சரிவராது. உள்ளே விடும், ஆனால் 60 நிமிடத்தில் துண்டிக்கப்படும் என்ற அறிவிப்போடு, ஒவ்வொரு மணிக்கும் வெளியே தள்ளும். வேர்க்குரூப் என்றால் டிவைஸ் மட்டும்தான்.

இனி, கலப்புப் பதிப்புக்கே உரிய பொறி ஒன்று. பத்து 2022 டிவைஸ் லைசன்ஸும் பதினைந்து 2012 டிவைஸ் லைசன்ஸும் ஒரே சேர்வரில் வந்து சேரும்போது அந்தப் பொறி வேலை செய்யத் தொடங்கும். 2012 ஆர்2 க்கு ஒரு கணினி வந்தால் லைசன்ஸ் சேர்வர் முதலில் 2012 லைசன்ஸைத்தான் தேடும். அந்தப் பதினைந்தும் முடிந்திருந்தால், வந்தவரைத் திருப்பி அனுப்பாமல், மேல் பதிப்பிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடும். பதினாறாவதாகக் கணக்கு சேர்வருக்கு வந்த ஏதோ ஒரு கணினி, நிலாவெளி முன்மேசைக்காக வாங்கிய 2022 லைசன்ஸைக் கொண்டுபோய்விடும். முன்மேசையில் ஆள் உள்ளே போக முடியாமல் நிற்கும்போது, காரணம் கணக்குப் பகுதியில் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது.

இதைத் தடுக்க குரூப் பொலிசியில் (டொமெயின் கணினிகளுக்கு ஒரே இடத்திலிருந்து அமைப்புகளைக் கொடுக்கும் வசதி) ஓர் அமைப்பு உண்டு. ரிமோட் டெஸ்க்டொப் சேர்விசஸ் பகுதிக்குள் ஆர்டி லைசன்சிங் என்பதன் கீழ், பிரிவென்ட் லைசன்ஸ் அப்கிரேட் என்ற பெயரில். லைசன்ஸ் சேர்வர் மீது அதை இயக்கிவிட்டால், பொருத்தமான பதிப்பு இல்லாதபோது தற்காலிக லைசன்ஸ் மட்டும் கொடுக்கும். அது காலாவதியானதும் அந்தக் கணினி பழைய சேர்வருக்கு வர முடியாது. கண்டிப்பான ஏற்பாடுதான். ஆனால் உங்கள் நிலைமையில் நான் அதை இயக்கவே சொல்வேன். கணக்குப் பகுதிக்கு லைசன்ஸ் போதவில்லை என்பது அந்தப் பகுதியிலேயே தெரியவரட்டும், ஹோட்டல் வாசலில் வேண்டாம். அதே பகுதியில் லைசன்ஸ் சேர்வர் செக்கியூரிட்டி குரூப் என்று இன்னொன்று இருக்கிறது. எந்தச் செஷன் ஹோஸ்ட்கள் லைசன்ஸ் கேட்கலாம் என்று அதில் வரையறுக்கலாம். மூன்றே சேர்வர் உள்ள இடத்தில் அவசியமில்லை.

மாற்றும் வேலையைச் சொல்கிறேன். 2022 மெய்நிகர் சேர்வரில் லைசன்சிங் பாத்திரத்தை நிறுவி, முதலில் அக்டிவேட் செய்யுங்கள். இணைப்பு சரியில்லை என்றால் வேறு கணினியின் பிரவுசர் வழியாகவோ தொலைபேசி வழியாகவோ செய்ய முடியும். அதில் புதிய பத்தையும் ஏற்றுங்கள். அப்புறம் லைசன்சிங் மனேஜரில் உள்ள மனேஜ் விசார்டை (படிப்படியாக வழிகாட்டும் திரை) பயன்படுத்தி, பழைய 2016 சேர்வரில் உள்ள 15ஐயும் 20ஐயும் புதியதற்கு நகர்த்துங்கள். வாங்கியபோது கிடைத்த ஒப்பந்த எண், அங்கீகார எண், அல்லது கடைப் பெட்டியோடு வந்த கீ அப்போது கேட்கப்படும். வேலையைத் தொடங்குமுன் இந்தத் தாள்களைக் கண்டுபிடித்துவிடுங்கள். விற்ற கடை இன்று இல்லாமல் போயிருக்கலாம், மின்னஞ்சல் வந்த ஊழியர் வேலையை விட்டுப் போயிருக்கலாம். மற்றதெல்லாம் ஒரு பிற்பகல் வேலை, தாள் தேடுவதுதான் நாள் எடுக்கும்.

நகர்த்திய பிறகு பழைய சேர்வரில் அதே லைசன்ஸ்கள் இன்னும் மிச்சமிருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அகற்ற வேண்டும். ஒரே லைசன்ஸ் இரண்டு இடத்தில் இருப்பது சட்டப்படி சரியில்லை.

அடுத்தது செஷன் ஹோஸ்ட்களுக்குப் புதிய முகவரி சொல்வது. 2012 பதிப்பிலிருந்து பழைய செஷன் ஹோஸ்ட் கொன்பிகரேஷன் கருவி எடுத்துவிடப்பட்டது, ஆகவே குரூப் பொலிசியே சுலபமான வழி. லைசன்ஸ் சேர்வரின் பெயர் ஓர் அமைப்பில், டிவைஸா யூசரா என்பது இன்னோர் அமைப்பில். இரண்டையும் கொடுக்க வேண்டும். பெயரை மட்டும் கொடுத்துவிட்டு வகையை விட்டால் சலுகைக் காலம் ஓடிக்கொண்டேயிருக்கும். 2016 யூசர் முறையிலும் மற்ற இரண்டும் டிவைஸ் முறையிலும் இருப்பதால் மூன்றுக்கும் ஒரே பொலிசி போட முடியாது, இரண்டாகப் பிரியுங்கள். பிறகு ஒவ்வொரு ஹோஸ்டிலும் லைசன்சிங் டயக்னோசரைத் திறந்து பாருங்கள். லைசன்ஸ் சேர்வர் தெரிகிறதா, உரிய பதிப்பிலும் வகையிலும் எத்தனை இருக்கின்றன என்று அது நேராகச் சொல்லும்.

உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் இணைப்பில் எதையும் புதிதாகத் திறக்க வேண்டியதில்லை. ஹோட்டல் கணினி லைசன்ஸ் சேர்வரோடு நேரே பேசுவதில்லை, செஷன் ஹோஸ்ட்தான் அதற்காகப் பேசுகிறது. ஆகவே நகர அலுவலகத்துக்குள், ஹோஸ்ட்களுக்கும் லைசன்ஸ் சேர்வருக்கும் இடையில் டிசிபி 135உம் 49152 முதல் 65535 வரையான போர்ட்களும் திறந்திருக்க வேண்டும். ரிமோட் டெஸ்க்டொப் போர்ட்டான 3389ஐ இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்திருந்தால் மட்டும் இன்றைக்கே மூடிவிட்டு விபிஎன் (மறைகுறியிட்ட தனி இணைப்பு) வழியாக வரச் செய்யுங்கள்.

மாற்றிய முதல் வாரத்தில் புதிய சேர்வரின் அறிக்கையைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். டிவைஸ் எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து தொடங்கும். பழைய சேர்வரிடம் லைசன்ஸ் பெற்ற கணினிகள் தங்களிடமுள்ளது முடியும் வரை அதையே காட்டி உள்ளே வரும். ஆகவே எண்ணிக்கை மெதுவாகத்தான் ஏறும், மூன்று மாதம் போன பிறகுதான் உண்மையான படம் தெரியும். 2012 ஆர்2 க்கும் 2022 க்கும் இரண்டுக்குமே போகும் முன்மேசைக் கணினிக்கு ஒரு 2022 லைசன்ஸ் போதும், இரண்டு தேவையில்லை. 2012 லைசன்ஸில் உங்களுக்கு மிச்சம் விழக்கூடிய இடம் அதுதான்.

காசுக் கணக்குக்கு வருவோம். விற்றவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. கையிலுள்ள 2016 யூசர் லைசன்ஸ் 20ஐக் கொண்டு 2022 ஹோஸ்டுக்குள் யாரும் போக முடியாது. அலுவலகத்து இருபது பேரும் 2022க்கு வரப்போகிறார்கள் என்றால் அந்த இருபது பேருக்கும் புதியது வேண்டும். அவர்கள் 2016 இலேயே வேலை செய்வார்கள் என்றால் ஒரு சதமும் செலவில்லை. பழைய லைசன்ஸ்களைச் சொப்ட்வெயர் அஷூரன்ஸோடு (புதிய பதிப்புக்கான உரிமையும் தரும் மைக்ரோசொப்ட் ஒப்பந்தம்) வாங்கியிருந்து, 2022 வெளிவந்தபோது அது உயிரோடு இருந்திருந்தால், புதிய பதிப்புக்கான உரிமை ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. ஒப்பந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். அதோடு, ரிமோட் டெஸ்க்டொப் லைசன்ஸ் என்பது சாதாரண விண்டோஸ் சேர்வர் கிளையன்ட் லைசன்ஸுக்கு (சேர்வரைப் பயன்படுத்தும் ஆளுக்கோ கருவிக்கோ வேண்டியது) மேலதிகமானது. புதிய 2022 சேர்வருக்கு அந்தச் சாதாரண லைசன்ஸும் 2022 பதிப்பில் வேண்டும். விலைப்பட்டியலில் அது விடுபட்டிருந்தால் கேளுங்கள்.

இனிமேல் வாங்கும்போது பதிப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2025 பதிப்பு 2024 நவம்பரிலிருந்து சந்தையில் இருக்கிறது. 2025 லைசன்ஸ் வந்துசேர்ந்தால், இன்று 2016 இல் நடந்தது நாளை உங்கள் 2022 லைசன்ஸ் சேர்வரிலும் அப்படியே நடக்கும். ஒன்றில் 2022 கீ தரச் சொல்லுங்கள், அல்லது லைசன்ஸ் சேர்வரை மட்டும் 2025 இல் அமையுங்கள். 2016க்கான ஆதரவு 2027 ஜனவரி 12 உடன் முடிகிறது. ஸ்டோர்ஸ் மென்பொருளை அதற்குள் 2022க்குக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால், அலுவலகத்துக்கு இப்போது யூசர் லைசன்ஸ் வாங்குவது வீண்செலவாகாது. அந்த எண்ணம் இல்லையென்றால் பொறுத்திருங்கள்.

எப்போது செய்வது? கிழக்குக் கரையில் ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை முன்மேசையைத் தொடவே கூடாது. நவம்பர், டிசம்பர் மழைக்காலத்தில் அறைகள் காலியாக இருக்கும்போது செய்வது வசதி. ஆனால் உங்கள் 120 நாள் அதற்கு முன்பே முடிகிறதென்றால் காத்திருக்க வேண்டாம். புதிய லைசன்ஸ் சேர்வரை அமைத்துப் பத்தை ஏற்றி, 2022 ஹோஸ்டை மட்டும் அதனோடு இணைத்துவிடுங்கள். அதற்கு யாரும் வேலையை நிறுத்த வேண்டியதில்லை. பழைய 15ஐயும் 20ஐயும் நகர்த்துவதை மழைக்குத் தள்ளிவைக்கலாம், அதுவரை 2016 இயந்திரத்துக்குத் திருத்தங்களை மட்டும் ஒழுங்காக ஏற்றிக்கொண்டிருங்கள்.